தம்பு செட்டித் தெருவுக்கு ஒரு கவரிங் லெட்டர்

தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு. வட சென்னையில், துறைமுகத்துக்கு அருகே உள்ள இந்தப் பக்கம் எந்த மாடிப்படி ஏறினாலும், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸோ, சரக்கை அனுப்பி வைக்கும் ஃபார்வர்டிங் ஆபீஸோ இருக்கும். பாதி இடங்களில் ஹெச்.ஆர். என்று தனியாக ஆள் கிடையாது. வேலைக்கு வரும் மெயில்களைப் பார்ப்பவர் மேனேஜர்தான். அவர் ஒரு காதில் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட கன்டெய்னர் பெட்டியைப் பற்றியும், இன்னொரு போனில் வராத டெலிவரி ஆர்டரைப் பற்றியும் பேசிக்கொண்டே உங்கள் மெயிலைத் திறப்பார். அரை நிமிஷம் கிடைத்தால் பெரிது.

அந்த அரை நிமிஷத்தில் அவர் மனசில் ஓடுவது முழுக்கச் சந்தேகம். இந்தப் பையன் நிலைப்பானா? எண்ணூரிலிருந்து காலை ஒன்பதுக்குள் வந்து சேருவானா? முந்தின இடத்தை ஏன் விட்டான்? நம்ம வேலை என்னவென்று தெரிந்து போட்டிருக்கானா, இல்லை நாற்பது பேருக்கு அனுப்பியதில் நமக்கும் ஒன்றா? பயோடேட்டாவில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. அதில் படிப்பும் வருஷமும் மார்க்கும் இருக்கும். பயோடேட்டாவோடு சேர்த்து அனுப்பும் கவரிங் லெட்டர் என்ற ஒன்று இருப்பதே, கேட்க நேரமில்லாதவரின் சந்தேகத்துக்கு முன்கூட்டியே பதில் சொல்லத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது தானாகப் பிடிபடும்.

எல்லா வேலைக்கும் இது தேவை என்று நினைத்துவிட வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். அப்ரண்டிஸ், ரயில்வே தேர்வு, டிஎன்பிஎஸ்சி போன்றவற்றில் ஆன்லைன் படிவத்தைச் சரியாக நிரப்புவதுதான் வேலை. அங்கே உங்கள் கடிதத்தைப் படிக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மணலியில் உள்ள பொதுத்துறை ஆலைகளின் அறிவிப்புகளும் அப்படித்தான். கடிதம் எடுபடுவது தனியார் இடங்களில்: கன்டெய்னர் ஃபிரைட் ஸ்டேஷன்கள் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் சரக்கை ஏற்றி இறக்கும் இடங்கள்), புரோக்கர் ஆபீஸ்கள், லாரி டிரான்ஸ்போர்ட், மாதவரம் குடோன்கள், எண்ணூர் பக்கத்து உதிரிபாகப் பட்டறைகள், சவுகார்பேட்டை மொத்த வியாபாரக் கடைகள், தனியார் பள்ளிகள், கிளினிக்குகள். அதாவது, முடிவெடுக்கும் மனிதரே நேரடியாகப் படிக்கும் இடங்கள்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, தமிழிலேயே, நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் விளம்பரத்தில் கேட்டது என்ன என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்குதான் உருப்படியானவை. மற்றதெல்லாம் எல்லா விளம்பரத்திலும் வரும் ஒப்புக்குச் சப்பாணி. வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்ததற்கு உங்களிடம் உள்ள சான்று. எண்ணிக்கை, மாதம், கருவியின் பெயர், பார்த்த இடம். எதுவும் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம் பின்னால் உதவும். தாளின் அடியில், உங்களைப் பற்றி அந்த மேனேஜருக்கு என்ன சந்தேகம் வரும் என்று மூன்று வரி. இதை நேர்மையாக எழுத வேண்டும். பெரும்பாலும் தூரம், இடைவெளி, அனுபவக் குறைவு, அடிக்கடி மாறியது, இந்த நாலில் ஒன்று அங்கே வந்து நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு இம்போர்ட் டாக்குமென்டேஷன் வேலை, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான டாக்குமென்ட்களைப் பார்க்கும் வேலை. விண்ணப்பிப்பவர் பி.காம். முடித்து ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் 14 மாதமாக இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் கடிதம் இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் காலியிடம் உள்ளதாக அறிந்தேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், சவாலான சூழலில் பணியாற்ற விரும்புபவன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.”

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் சரிபார்க்கக்கூடியதும் ஒன்றுமில்லை. எந்த வேலை என்றுகூட இல்லை. எந்தக் கம்பெனி என்பதும் இல்லை, ஏனென்றால் ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்ப அதுதான் வசதி. படிப்பவருக்கு அந்த வசதி முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அதே ஆள், அதே அனுபவம், வெள்ளைத்தாளில் கோடு போட்ட பிறகு (இதில் இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போகும் ஜிஎஸ்டி மின்சீட்டு, பில் ஆஃப் என்ட்ரி என்பது இறக்குமதிக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்வது, ஐஸ்கேட் சுங்கத்துறையின் இணையதளம், பில் ஆஃப் லேடிங் கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது):

“இம்போர்ட் டாக்குமென்டேஷன் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். மாதவரத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் 14 மாதமாக பில்லிங் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 35 முதல் 40 இ-வே பில் போடுகிறேன். இன்வாய்ஸில் உள்ள எடை, கன்டெய்னர் எண், வண்டி எண் மூன்றையும் நான் சரிபார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

பில் ஆஃப் என்ட்ரி நான் தனியாகத் தாக்கல் செய்ததில்லை. ஐஸ்கேட் தளத்தில் அதன் நிலை பார்க்கத் தெரியும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரியும். எக்செல், டாலி இரண்டிலும் தினமும் வேலை செய்கிறேன்.

இருப்பது தண்டையார்பேட்டை, மெட்ரோவில் மண்ணடி இறங்கி நடந்து வருவேன். அவசர வேலை உள்ள நாட்களில் இரவு ஒன்பது ஆனாலும் இருக்க முடியும். இப்போதுள்ள இடத்தில் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் காலை பத்துக்கு முன் வர முடியும்.”

இதை ஆங்கிலத்தில் போட்டால் ஏறக்குறைய 150 வார்த்தை. 200-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 250 என்பது கடைசி எல்லை. இதில் எந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் வேறு வேலைக்கு மாற்றி எழுத வரும். முதல் வரியில் வேலையின் பெயர், விளம்பரத்தில் போட்ட அதே பெயர். ஒரே ஆபீஸ் மூன்று இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது, எதற்கு என்று தெரியாத கடிதம் ஓரமாகப் போய்விடும். அடுத்து எண்ணிக்கை. 40 இ-வே பில் என்றால் அந்த மேனேஜருக்கு வேலையின் வேகம் உடனே மனசில் வந்துவிடும், “திறமையாகச் செய்தேன்” என்பதில் வராது. எண்ணை உயர்த்திப் போடாதீர்கள். இன்டர்வியூவில் “ஒரு நாளைக்கு எத்தனை?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும், அங்கே தடுமாறினால் மொத்தக் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

நடுப் பத்தியில் “நான் தனியாகத் தாக்கல் செய்ததில்லை” என்று எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். வெள்ளைத்தாளில் காலியாக விட்ட இடம் இதுதான். தெரியாததை ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் தெரிந்ததை வைத்தால், மற்ற வரிகளுக்கு நம்பிக்கை கூடுகிறது. மூடி மறைத்தால் முதல் நாளே தெரிந்துவிடும் வேலை இது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். “அனுபவம் இல்லாததற்கு வருந்துகிறேன், ஆனாலும் கற்றுக்கொள்வேன்” என்ற வரி எந்த இடத்திலும் யாருக்கும் உதவியதில்லை.

எழுத்துப் பிழையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அது ஏன் இத்தனை பெரிதாகப் பார்க்கப்படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கன்டெய்னர் எண் என்பது 4 எழுத்தும் 7 எண்ணும். அந்த ஏழில் கடைசி எண் முன்னால் உள்ளவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே இருப்பது. பொருளின் வகையைச் சொல்லும் கோடு 8 இலக்கம். இதில் ஒரு எழுத்து மாறினால் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை பெட்டி நிற்கும், இலவச நாட்கள் முடிந்த பிறகு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும். அந்த வாடகையைக் கட்டியவர்தான் உங்கள் கடிதத்தைப் படிக்கிறார். கம்பெனியின் பெயரை ஒரு எழுத்து விட்டு எழுதினால், அவருக்கு அது நீங்கள் அனுப்பிய முதல் தப்பான டாக்குமென்ட். அதைவிட மோசம், போன வாரம் விண்ணப்பித்த கம்பெனியின் பெயரை மாற்றாமல் அனுப்புவது. இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். பழைய கடிதத்தைத் திறந்து மேலே மட்டும் மாற்றி, கடைசிப் பத்தியில் மறந்துவிடுவதால் வருவது. கம்பெனிப் பெயரைக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதுங்கள். மாற்ற வேண்டியதும் ஒரே இடமாக இருக்கும்.

வட சென்னைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, மெதுவான குரலில்தான் கேட்பார்கள்: வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி போட்டால் ஒதுக்கிவிடுவார்களா? சில இடங்களில் அந்த எண்ணம் இருப்பது உண்மை. இல்லை என்று பூசி மெழுகுவதில் பயனில்லை. கடிதத்தில் கதவு எண், தெரு, சந்து எல்லாம் எழுதத் தேவையே இல்லை. அந்த வழக்கம் தபால் காலத்தோடு போனது. பகுதியும் பின்கோடும் போதும். “சென்னை 600039” என்று மட்டும் போட்டாலும் தப்பில்லை. ஆனால் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து அண்ணாநகர் என்று எழுதுவது வேண்டாம். ஆதாரில் வேறு முகவரி இருக்கும், சேரும் நாளில் அது வேறு விதமான சந்தேகத்தைக் கிளப்பும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எண்ணூர், மணலி, அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்து வேலைகளுக்கு இந்த முகவரிதான் உங்கள் பலம். தெற்கே தாம்பரத்திலிருந்து ஒருவர் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகப் பக்கம் வேலைக்கு வந்தால் எத்தனை மாதம் தாங்குவார் என்று அங்கே ஆள் எடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். “விம்கோ நகரில் இருக்கிறேன், கும்மிடிப்பூண்டி லைனில் அத்திப்பட்டுப் புதுநகர் வருவேன், ஷிப்ட் வேலைக்கு பைக் இருக்கிறது” என்ற ஒரு வரி அங்கே ஒரு டிகிரிக்குச் சமம். கிண்டிப் பக்கம் விண்ணப்பித்தால் விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எங்கே ஏறினாலும் மாறாமல் ஒரே மெட்ரோ என்பதைச் சொல்லுங்கள். தெற்கே இருப்பவர்களுக்கு நம் பக்கம் மெட்ரோ வந்து வருஷங்களாகிவிட்டது என்பது பல நேரம் நினைவில் இருப்பதில்லை. தூரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு “தூரம் ஒரு பொருட்டல்ல” என்பது பதில் ஆகாது. எந்த ஸ்டேஷனில் ஏறி எதில் இறங்குவது என்பதே பதில்.

அடிக்கடி மாறியதாகத் தெரியும் பயோடேட்டா, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். பெரிய ஆலைகளிலும் யார்டுகளிலும் காண்ட்ராக்ட்டில் வேலை செய்பவருக்கு டெண்டர் மாறும்போது முதலாளி மாறுவார். வேலை செய்யும் இடம், மெஷின், சூப்பர்வைசர் எல்லாம் அதேதான். ஆனால் பயோடேட்டாவில் ஐந்து வருஷத்தில் நாலு கம்பெனிப் பெயர் இருக்கும். தெரியாதவர் பார்த்தால் “ஓடுகாலி” என்று முடிவு கட்டிவிடுவார். கடிதத்தில் இரண்டே வரி: “2019 முதல் மணலியில் ஒரே யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். காண்ட்ராக்டர் மூன்று முறை மாறினார், பி.எஃப். யுஏஎன் எண் ஒன்றேதான்.” யுஏஎன், அதாவது பி.எஃப். உறுப்பினர் எண், எத்தனை முதலாளி மாறினாலும் ஆளுக்கு ஒன்று என்பதால், தொடர்ச்சியாக வேலை செய்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எண்ணைக் கடிதத்தில் எழுத வேண்டாம், இருக்கிறது என்று சொன்னால் போதும். பயோடேட்டாவிலும் ஆலையின் பெயரை முதலில் போட்டு, காண்ட்ராக்டர்களின் பெயரை அதன் கீழே சேர்த்து எழுதினால் குழப்பம் பாதி குறையும்.

வெல்டர், டிரைவர், ஃபிட்டர் வேலைக்கெல்லாம் கடிதமா என்று சிரிப்பவர்கள் உண்டு. நீளமான கடிதம் வேண்டாம்தான். ஐந்து வரி வேண்டும். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு ஆள் தேடும் காண்ட்ராக்டருக்குத் தெரிய வேண்டியது: வெல்டிங் வகை டிக்கா ஆர்க்கா, டெஸ்ட் நிலை 3ஜியா 6ஜியா, கடைசியாக டெஸ்ட் பாஸ் பண்ணியது எந்த மாதம், கார்பன் ஸ்டீல் மட்டுமா ஸ்டெயின்லெஸ்ஸுமா, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வர முடியும். “அனுபவம் வாய்ந்த வெல்டர்” என்பது ஒன்றும் சொல்லாது. 45 டிகிரி சாய்வில் நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டிங் பண்ணித் தேறியவன் என்பதை 6ஜி என்ற ஒரு சொல் சொல்லிவிடும். டிரைவராக இருந்தால் லைசென்ஸ் எந்தத் தேதி வரை, டேங்கர் ஓட்ட ஆபத்தான சரக்குக்கான அனுமதி லைசென்ஸில் ஏறியிருக்கிறதா, அது எப்போது முடிகிறது. தேதி இல்லாமல் “லைசென்ஸ் உள்ளது” என்றால் காலாவதி ஆகியிருக்குமோ என்றுதான் தோன்றும். கஸ்டம்ஸ் ஃபீல்டு வேலை என்றால் கையில் இருக்கும் கஸ்டம்ஸ் அடையாள அட்டை எச் கார்டா ஜி கார்டா என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். அதைத் தேடித்தான் கண் போகும்.

சவுகார்பேட்டை, மின்ட் பக்கத்து அக்கவுண்ட்ஸ் வேலைக்கு டாலி தெரியும் என்பது இப்போது செய்தியே இல்லை. மாதம் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி, இந்த இரண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் நீங்கள் கையில் எடுத்துச் செய்தீர்களா, ஆடிட்டர் ஆபீஸுக்கு டேட்டா மட்டும் அனுப்பினீர்களா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டுமே வேலைதான். ஆனால் முதலாளிக்கு வேண்டியது எது என்பதைப் பொறுத்து உங்களுக்கு அழைப்பு வரும். இந்தி பேசத் தெரிந்தால் அந்தத் தெருக்களுக்கு விண்ணப்பிக்கும்போது தயங்காமல் எழுதுங்கள்.

இப்போதுதான் படிப்பு முடித்தவர்கள் “அனுபவம் இல்லை” என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ படித்தவர்களில் படிக்கும்போதே ஏதாவது வேலைக்குப் போகாதவர்கள் குறைவு. அதை வேலையாகக் கணக்கில் எடுக்காதது அவர்கள்தான். காசிமேட்டில் அப்பா படகுக்கு டீசல், ஐஸ், பங்குக் கணக்கு எழுதியிருந்தால் அது கணக்கு வேலை. மூன்று வருஷம் ஞாயிறுகளில் கேட்டரிங்கில் நின்றிருந்தால், அது 300 பேருக்கு நேரத்தோடு இலை போட்ட வேலை. தம்பி தங்கைகளையும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தால் பள்ளி வேலைக்கு அதுவே முதல் வரி. என்ன செய்தீர்கள், எத்தனை நாள், எத்தனை பேருக்கு, பணம் கையில் புழங்கியதா, இந்த நாலையும் சொன்னால் அது அனுபவம். கல்லூரி புராஜெக்ட்டின் தலைப்பை மூன்று வரிக்கு எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

குழந்தை, உடம்பு, வீட்டில் பெரியவர்களைப் பார்த்தது என்று இடைவெளி இருந்தால் ஒரே வரி: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, குடும்பக் காரணம், இப்போது முழு நேரம் வர முடியும். அந்த நாட்களில் டாலியோ டைப்பிங்கோ ஏதாவது படித்திருந்தால் அதையும் அதே வரியில் சேர்க்கலாம். அதற்கு மேல் கதை வேண்டாம். கதை நீளமாக நீளமாகப் படிப்பவருக்கு மறுபடியும் லீவு கேட்பார்களோ என்ற பயம்தான் வளரும். முந்தின முதலாளி சம்பளம் தராதது, திட்டியது இவையெல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கடிதத்தில் வரக்கூடாது.

சம்பளம். கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதினால் கையில் வருவதா, சிடிசியா (கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) என்று சேர்த்து எழுதுங்கள். பி.எஃப்.-க்கு உங்கள் பங்கு 12 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி பங்கையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்துக்கொள்வது இப்போது சகஜம். மாதம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ பிடித்தமும் உண்டு. “18,000 எதிர்பார்க்கிறேன்” என்று மொட்டையாக எழுதிவிட்டு, முதல் மாதச் சம்பளம் வந்ததும் ஏமாந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் வேறு வேறு கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

மொழிக்கு வருவோம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டியிருக்கும். அந்த ஆங்கிலம் நீங்கள் வாயால் பேசக்கூடிய ஆங்கிலமாக இருக்க வேண்டும். டிடிபி சென்டரில் டைப் பண்ணித் தருபவர் பல வருஷமாக ஒரே மாதிரிக் கடிதத்தை வைத்திருப்பார். மேலே ‘சப்’ என்றும் ‘ரெஃப்’ என்றும் கோடு போட்டு, கீழே “மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை” என்ற உறுதிமொழியோடு. அந்த உறுதிமொழிக்குக் கவரிங் லெட்டரில் வேலையே இல்லை. இப்போது ஏஐ-யிடம் கேட்டு வாங்கும் கடிதம் இன்னொரு பக்கம். பிழை இருக்காது, ஆனால் பத்துப் பேர் அனுப்பினால் பத்தும் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். “உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்னை ஈர்த்தது” என்று நாலு மேஜை உள்ள ஆபீஸுக்கு எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார். அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, நீங்கள் தமிழில் எழுதிய அந்தத் தாளைக் கொடுத்து, சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றித் தா, எதையும் புதிதாகச் சேர்க்காதே என்று சொல்லுங்கள். பிறகு சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் சொல்லை எடுத்துவிடுங்கள். இன்டர்வியூவில் அதே சொல்லுக்கு அர்த்தம் கேட்பார்கள்.

பள்ளி, தொண்டு நிறுவனம், உள்ளூர்க் கடைகளுக்குத் தமிழில் எழுதலாம். அப்போது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் டைப் செய்து வேர்டு ஃபைலாக அனுப்பினால், எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாதபோது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், எதுவானாலும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மெயில் அனுப்பும்போது கடிதத்தைத் தனி ஃபைலாக இணைப்பதை விட மெயிலின் உடம்பிலேயே போடுவது மேல். இரண்டு ஃபைல் திறக்க அந்த மேனேஜருக்குப் பொறுமை கிடையாது. விளம்பரத்தில் தனியாகக் கேட்டிருந்தால் மட்டும் ஏ4-ல் ஒரு பக்கம், 11 பாயின்ட், சுற்றி ஒரு அங்குல மார்ஜின். சப்ஜெக்ட் வரியைக் காலியாக விடாதீர்கள், ‘ரெஸ்யூம்’ என்று மட்டும் போடவும் வேண்டாம்; வேலையின் பெயர், உங்கள் பெயர், எத்தனை வருஷம், எப்போது சேரலாம் என்ற நாலும் அந்த ஒரு வரியில் அடங்கும். ஃபைலுக்கும் உங்கள் பெயரை வையுங்கள். ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்ற பெயரில் அந்த ஆபீஸில் ஏற்கெனவே ஆறு ஃபைல் இருக்கும். ஒரே மெயிலில் நாற்பது முகவரி வேண்டாம். காலேஜ் முதல் வருஷத்தில் விளையாட்டாக வைத்த மெயில் ஐடி இருந்தால் பெயரை வைத்துப் புதிதாக ஒன்று தொடங்க ஐந்து நிமிஷம் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். இணைப்பு வைக்க மறந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் பக்கத்து ஆபீஸ்கள் பாதி இப்போது வாட்ஸ்அப்பில்தான் கேட்கின்றன. “ஹாய் சார்” என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வணக்கம், வேலையின் பெயர், ஒரு வரி அனுபவம், இருக்கும் பகுதி, சேரக்கூடிய தேதி, அதன் கீழேயே பயோடேட்டா பிடிஎஃப். பயோடேட்டாவைப் படுக்கையில் வைத்து போட்டோ எடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். ஆதார் நகலும் மார்க் ஷீட்டும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. கேட்கிறார்கள் என்றால், அதோடு யூனிஃபார்முக்கு, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு என்று பணமும் கேட்கிறார்கள் என்றால், அது வேலை கொடுக்கும் இடம் இல்லை.

தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால், அரைப் பக்கத்தில் அச்சடித்த கடிதத்தைப் பயோடேட்டாவின் மேல் பின் அடித்து வையுங்கள். கம்பெனிப் பெயர் எழுதக் காலி இடம் விட்டு, அங்கேயே பேனாவால் நிரப்பலாம். முகாமில் அது தப்பாகத் தெரியாது. பிராட்வேயில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமும் இன்னும் சாகவில்லை. கவரின் இடது மேல் மூலையில் வேலையின் பெயர், உள்ளே கையெழுத்திட்ட கடிதம். காலை பத்துக்குள் போனால் பரபரப்பு தொடங்கியிருக்காது. மதியத்துக்கு மேல் போனால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அனுப்பிய பிறகு ஐந்து முதல் ஏழு வேலை நாள் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்கு ‘ரிப்ளை’ போட்டு இரண்டு வரி. புதிதாக மெயில் போட்டால் பழையதைத் தேட வைப்பீர்கள். ஒரு முறை போன். எடுக்கவில்லை என்றால் அன்றே மூன்று முறை கூப்பிட வேண்டாம். கடிதத்தில் கொடுத்த நம்பருக்கு ரீசார்ஜ் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு “இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை” என்று கேட்டுப் போனை வைத்த மேனேஜர்கள் எவ்வளவோ பேர். இரண்டாவதாக வீட்டில் ஒருவர் நம்பரும், அவரிடம் நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்ற தகவலும் இருக்கட்டும்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, கம்பெனி, வேலையின் பெயர், கடிதத்தில் எழுதிய எண்கள், சம்பளம் சொல்லியிருந்தால் அந்தத் தொகை எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் மூன்று வாரம் கழித்து, நீங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால், “எந்தக் கம்பெனி சார்?” என்று கேட்க வேண்டி வராது.